மேலிமையா, கீழிமையா: ஒரு நோய்க்குறியீட்டின் மதிப்பு

திருச்சியில் இமைப் புற்றுநோய் இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. ஒன்று, கண் மருத்துவரின் ஓ.பி. அறையில், நோயாளியின் கேஸ் ஷீட்டில். இன்னொன்று, அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளைப் படித்துக் குறியீடு போடும் மெடிக்கல் கோடிங் அலுவலகங்களில். ஒமேகா ஹெல்த்கேர் போன்ற நிறுவனங்கள் இங்கே கிளை தொடங்கிய பிறகு நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, உயிரியல் படித்த பிள்ளைகள் பலருக்கு அதுவே வேலையாகிவிட்டது. அமெரிக்காவில் எங்கோ ஒருவருடைய வலது மேலிமையில் வந்த செபேஷியஸ் கார்சினோமாவை இவர்கள் சி44.1321 என்று எழுத்தும் எண்ணுமாக ஏழு இடங்களில் எழுதுகிறார்கள். லால்குடிக்காரர் ஒருவருக்கு அதே இமையில் அதே நோய் வந்தால், உள்ளூர்க் கோப்பில் சி44.1 என்ற நான்கு இடங்கள் போதும். இமையின் தோல், கண்முனை உட்பட. அவ்வளவுதான் அதன் பொருள். எந்தக் கண், எந்த இமை, என்ன வகைப் புற்று என்ற மூன்றும் அதில் இல்லை.

அந்த மூன்று கூடுதல் இடங்கள் தேவைதானா? அமெரிக்கக் காப்பீட்டுக் கணக்குக்காக இழுத்து நீட்டியவையா, நோயைப் பற்றி உண்மையில் எதையாவது சொல்கின்றனவா? நம் மருத்துவமனைகள் அவற்றை எடுத்துக்கொள்ளலாமா? வரிசை வாசல் வரை நிற்கும் ஒரு ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் மருத்துவரிடம் கேட்டால், நோயாளியைப் பார்ப்பதா எண்ணைப் பார்ப்பதா என்று கோபப்படுவார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் குறியீடு வேண்டாம் என்ற முடிவு தவறு என்றே கருதுகிறேன். அதற்கான காரணம் கணினியில் இல்லை, நோயில் இருக்கிறது.

மேலை நாட்டுப் பாடநூல்களில் இமைப் புற்றுநோய் என்றால் பேசல் செல் கார்சினோமா. பத்தில் ஒன்பது அதுதான். பெரும்பாலும் கீழிமையிலோ மூக்கோரக் கண்முனையிலோ வரும், மெல்ல வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அபூர்வம். நம் நாட்டுக் கணக்கு வேறு. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தார் 2019இல் வெளியிட்ட 536 நோயாளிகளின் தொகுப்பில் பாதிக்கும் சற்று மேல் செபேஷியஸ் கார்சினோமா. பேசல் செல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். இமைக்கு உள்ளே டார்சஸ் என்றொரு கெட்டியான தட்டு இருக்கிறது. அதற்குள் வரிசையாக நிற்கும் மெய்போமியன் எண்ணெய்ச் சுரப்பிகளில் செபேஷியஸ் பிறக்கிறது. சில சமயம் இமை மயிரின் அடியில் உள்ள ஸைஸ் சுரப்பிகளில். மேலிமையில் மெய்போமியன் சுரப்பிகள் அதிகம், நோயும் அங்கேதான் அதிகம். கவனிக்காமல் விட்டால் காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் நெறிகட்டும், கண்குழிக்குள் இறங்கும், கண்ணையே எடுக்க வேண்டிவரும், உயிரையும் வாங்கும்.

இத்தனையும் செய்யக்கூடிய நோய் முதலில் வந்து நிற்கும் கோலம் வெறும் கண்கட்டி. ஸ்ரீரங்கத்தில் நாமக்கட்டியை இழைத்து இமையில் பூசாத வீடு குறைவு. பெரும்பாலான கண்கட்டிகள் அதோடு, அல்லது அது இல்லாமலேயே, அமுங்கிவிடுகின்றன. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அமுங்காமல், வலியும் இல்லாமல் உருண்டையாக நிற்பதை மருத்துவர்கள் கலேசியான் என்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, இமையைப் புரட்டி, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எடுத்த இடத்திலேயே அது திரும்ப வந்தால், அதுவும் நடுவயதைத் தாண்டியவருக்கு வந்தால், சுரண்டியதைக் குப்பையில் போடாமல் பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும். கண் மருத்துவம் படிக்கிற எவருக்கும் சொல்லித் தரப்படும் பாடம் இது. ஒரு கண்ணில் மட்டும் மாதக்கணக்கில் ஆறாத சிவப்பு, ஓரிடத்தில் மட்டும் உதிரும் இமை மயிர் ஆகியவையும் அதே எச்சரிக்கைதான்.

பாடம் தெரிந்திருந்தும் தாமதம் நேர்கிறதே, ஏன்? 'திரும்ப' என்ற சொல்லைச் சொல்ல முந்தைய முறை எங்கே வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் முறை மருந்துக்கடைக் களிம்பு, இரண்டாம் முறை பக்கத்துத் தெரு டாக்டர், மூன்றாம் முறை பெரிய கண் ஆஸ்பத்திரி என்று போகிற நோயாளியின் கையில் மூன்று சீட்டுகள் இருக்கும். மூன்றிலும் கலேசியான் என்றே எழுதியிருக்கும். எந்த இமை என்று எழுதாவிட்டால் மூன்றாவது மருத்துவருக்கு அது மூன்று வேறு கட்டிகள். எழுதியிருந்தால், ஒரே கட்டி மூன்று முறை. ஆவணம் என்பதை நான் இந்த இடத்தில் வைத்துத்தான் மதிப்பிடுகிறேன். கிளெய்ம் பாஸாகிறதா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

இப்போது குறியீட்டுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய்ப் பட்டியல் 1990இல் ஏற்கப்பட்டது. அதை விரித்து எழுதிய அமெரிக்கப் பதிப்பு 2015 அக்டோபர் 1இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. அந்த விரிவிலும் முதலில் பேசல் செல்லுக்கு ஓர் இடம், ஸ்குவாமஸ் செல் என்ற மற்றொரு வகைக்கு ஓர் இடம் இருந்தனவே தவிர, செபேஷியஸுக்குத் தனி இடம் இல்லை. 'பிற' என்ற சி44.19க்குள் அது கிடந்தது. 2018 அக்டோபர் 1இல்தான் சி44.13 என்ற வரிசை அதற்குக் கிடைத்தது. அதே நாளில், ஏற்கெனவே இருந்த வலது, இடது என்ற பிரிவோடு மேலிமை, கீழிமை என்ற பிரிவும் சேர்ந்தது. மேலை நாட்டில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை வருகிற நோய் அவர்கள் பட்டியலில் 'பிற' என்று இருந்ததைப் புரிந்துகொள்ள முடியும். நம் தொகுப்புகளில் முதலிடத்தில் நிற்கும் நோய்க்கு, நாம் பயன்படுத்தும் உலகப் பட்டியலின் நான்கு இடங்களில் 'பிற' என்ற அந்த அடையாளம்கூட இல்லை. வகையைச் சொல்லாத குறியீடு இந்தியக் கண்ணிமைக்குப் பொருந்தாது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அமெரிக்கர்களைவிட நமக்கே அதிகம் தேவைப்பட்ட திருத்தம்.

மேலிமை, கீழிமை என்ற கடைசி இடம் இன்னும் பெரிய வேலை செய்யக்கூடியது. பேசல் செல் கீழிமையை நாடும், செபேஷியஸ் மேலிமையை நாடும் என்று பார்த்தோம். ஒரு மருத்துவமனையின் பத்தாண்டுக் கோப்பில் 'மேலிமைப் பேசல் செல்' என்ற பதிவு அளவுக்கு மீறி இருந்தால், அந்த ஸ்லைடுகளை மறுபடி பார்க்க வேண்டும் என்று அந்த எண்ணே சொல்லிவிடும். செபேஷியஸைப் பேசல் செல் என்றும் ஸ்குவாமஸ் என்றும் தவறாக வாசிப்பது நோயியல் நிபுணர்கள் நன்கு அறிந்த பிழை. வழக்கமான பதப்படுத்தலில் கொழுப்பு கரைந்துபோவதால் அதன் அடையாளமே மங்கிவிடுகிறது. சந்தேகம் இன்னது என்று கண் மருத்துவர் கோரிக்கைச் சீட்டில் எழுதினால்தான் அதற்கேற்ற சாயத்தை ஆய்வகம் போட முடியும். இமையின் இடத்தைச் சொல்லும் ஒரே ஓர் இலக்கம், பயாப்ஸி முடிவின் நம்பகத்தன்மையைச் சோதிக்கிற கருவியாகிறது. இது குறியீட்டின் பக்கம் நான் வைக்கும் கனமான வாதம்.

எதிர்ப்பக்கமும் கனமானதுதான். முதல் குறை, கண்முனை. மேலிமைக்கும் கீழிமைக்கும் தனித்தனி இடம் கொடுத்தவர்கள், இரண்டின் வரையறையிலும் 'கண்முனை உட்பட' என்று எழுதி அதை விழுங்கிவிட்டார்கள். மூக்கோரக் கண்முனையில் வரும் பேசல் செல், இமையின் வேறெந்த இடத்தில் வருவதையும்விட அறுவை மருத்துவரைப் படுத்துவது. ஆழமாக இறங்கும், கண்ணீர்ப் பாதையைப் பிடிக்கும், எடுத்த பிறகும் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அதைக் கீழிமை நடுவில் வந்த சிறு பருவோடு ஒரே எண்ணில் போடுவது மருத்துவ அறிவுக்கு ஒவ்வாத செயல். ஏழு இடம் வைத்துக்கொண்டு இதைச் சொல்லாமல் விட்டதற்குச் சமாதானமே இல்லை.

இரண்டாவது, புதிதாக வந்த புற்றும் திரும்ப வந்த புற்றும் ஒரே எண்தான். அளவும் ஆழமும் குறியீட்டுக்கு வெளியேதான் நிற்கின்றன. புற்றின் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக் குழுவான ஏ.ஜே.சி.சி.யின் கையேட்டு எட்டாம் பதிப்பு இமைப் புற்றை 10 மில்லிமீட்டர், 20, 30 என்று அளந்து, இமைத் தட்டையோ விளிம்பையோ தொட்டிருக்கிறதா, இமையின் முழுத் தடிமனையும் பிடித்திருக்கிறதா என்று பிரிக்கிறது. சிகிச்சையை முடிவு செய்வது அந்தப் பிரிவு. இன்னொன்றும் உண்டு: இமைத் தட்டுக்குள் புதைந்த சுரப்பியில் பிறக்கும் புற்றை 'தோல்' என்ற அதிகாரத்தில் வைத்தது வசதிக்கான ஏற்பாடு. இதன் விளைவு புள்ளிவிவரத்தில் தெரிகிறது. உலகப் புற்றுநோய்க் கணக்குகளில் மெலனோமா அல்லாத தோல் புற்று ஒரே கட்டாக வைக்கப்படுகிறது, பல சமயம் மொத்தத்திலிருந்தே கழிக்கப்படுகிறது. உயிர்கொல்லியான ஒரு கண் நோய், பெரும்பாலும் ஆபத்தில்லாதது என்று கருதப்படும் கட்டோடு சேர்ந்து பார்வையிலிருந்து மறைகிறது.

ஆக, குறியீடு மட்டும் போதாது, குறிப்பு வேண்டும். இந்த இடத்தில் திருச்சியின் கோடர்களிடமிருந்து நம் மருத்துவமனைகள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அவர்கள் பழகிய விதிகள் கறாரானவை. வெளிநோயாளிக் குறிப்பில் 'புற்றாக இருக்கலாம்', 'சந்தேகம்' என்று இருந்தால் புற்றுக்கான எண்ணைப் போடக் கூடாது. அறிகுறியையோ தெரிந்ததையோதான் போட வேண்டும். டி48.5 என்ற 'நடத்தை உறுதியாகாத கட்டி'யை, நோயியல் நிபுணரே அப்படிச் சொன்னால் மட்டும் போடலாம். மருத்துவருக்கு இன்னும் தெரியவில்லை என்பதற்காகப் போடக் கூடாது, அதற்கு டி49.2 இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் இது. இந்த வேறுபாட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. பார்த்த ஒருவர் 'நிச்சயமில்லை' என்பதும், இன்னும் யாரும் பார்க்கவில்லை என்பதும் ஒன்றல்ல.

அளவுக்கும் அப்படியொரு விதி. எடுத்த கட்டியின் அளவு என்பது, கத்தி வைப்பதற்கு முன் மருத்துவர் அளந்த விட்டத்தோடு, நல்ல தோலில் விட்ட ஓரத்தை இருபுறமும் கூட்டி வருவது. எட்டு மில்லிமீட்டர் கட்டி, ஒவ்வொரு புறமும் ஐந்து மில்லிமீட்டர் ஓரம் என்றால் பதினெட்டு. மருத்துவர் அளக்காமல் விட்டால் ஆய்வக அறிக்கையின் அளவுதான் மிஞ்சும். பார்மலினில் கிடந்த திசு சுருங்கியிருக்கும். அமெரிக்காவில் இது பணத்தைக் குறைக்கும். இங்கே இது பணப் பிரச்சினை அல்ல. ஓரத்தில் எவ்வளவு நல்ல தோல் விட்டு வெட்டினார்கள் என்பது, மூன்று ஆண்டு கழித்துக் கட்டி திரும்ப வரும்போது அடுத்த மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி.

சுருக்கெழுத்து இன்னொரு வினை. வலது மேலிமையைக் கண் மருத்துவர் ஆர்.யு.எல். என்று எழுதுவார். நெஞ்சு மருத்துவத்தில் அதே மூன்று எழுத்து வலது நுரையீரலின் மேல் மடலைக் குறிக்கும். கண் ஆஸ்பத்திரிக் கோப்புக்குள் குழப்பமில்லை. புற்றுநோய்ப் பிரிவுக்கு மாற்றி அனுப்பும் கடிதத்தில், கண் என்ற சொல்லே இல்லாத ஒரு வரியில், குழப்பம் உண்டு.

உள்ளூர் நிலவரம் என்ன? முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் இன்றைய பெயர் பெற்று, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. அது சிகிச்சைத் தொகுப்புக்குப் பணம் தருவது. என்ன செய்தார்கள் என்பதுதான் அங்கே முதன்மை. எந்த இமை, எந்த வகை என்பது இணைப்புக் காகிதங்களில் கிடக்கும். தனியார் காப்பீட்டின் கிளெய்ம் படிவத்தில் மருத்துவமனை நிரப்பும் பகுதியில் நோய்க்குறியீடும், அறுவைக்கு அமெரிக்க உள்நோயாளிக் குறியீடான பி.சி.எஸ். எண்ணும் கேட்கப்படுகின்றன. நம் படிவமே அமெரிக்கக் குறியீட்டைக் கேட்கும்போது, 'அது நமக்கு அந்நியம்' என்ற வாதம் நிற்காது.

புற்றுநோய்ப் பதிவேடு இவற்றைவிடப் பொறுப்பானது. அடையாறு புற்றுநோய் நிறுவனம் மாநில அரசோடு சேர்ந்து 2012 முதல் நடத்திவரும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் திருச்சி மாவட்டத்தையும் சேர்த்து மாநிலம் முழுவதையும் எண்ணுகிறது. பதிவேடுகள் பயன்படுத்தும் ஐ.சி.டி.-ஓ முறையில் இடத்துக்கு ஓர் எண், திசு வகைக்கு ஓர் எண்: சி44.1, 8410/3. செபேஷியஸ் என்று அது தெளிவாகவே சொல்லிவிடும். தேவையான அறிவு பாதி அங்கே இருக்கிறது என்பதே உண்மை. ஆனால் பதிவேடு, நோய் உறுதியான பிறகு தொடங்குவது. கலேசியான் என்று கழிந்த மாதங்கள் அதில் ஏறா. அச்சாகும் அட்டவணையில் அது மறுபடி சி44 என்ற மூன்று இடத்துக்குள் சுருங்கியும் விடுகிறது.

என் தீர்ப்பு இதுதான். அமெரிக்கக் குறியீட்டை அப்படியே கொண்டுவந்து நம் ஓ.பி.யில் இறக்க வேண்டியதில்லை. கண்முனையை விழுங்கும், ஆழத்தைச் சொல்லாத ஒரு பட்டியலுக்காக மருத்துவரின் நேரத்தைச் செலவிடுவது நியாயமல்ல. புற்று உறுதியான நோயாளிக்கு ஐ.சி.டி.-ஓவின் இரண்டு எண்களும், இமையின் இடமும், மில்லிமீட்டர் அளவும், ஓரம் சுத்தமா என்ற பதிலும் போதும். அது அமெரிக்க ஏழு இடத்தைவிட அதிகம் சொல்லும்.

அமெரிக்கப் பதிப்பிலிருந்து ஒன்றை மட்டும் உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். அது புற்றுநோய் அதிகாரத்தில் இல்லை. கலேசியானின் குறியீடு அது. உலகப் பட்டியலில் எச்00.1 என்று மொட்டையாக நிற்பது, அமெரிக்கப் பதிப்பில் எச்00.11 என்றால் வலது மேலிமை, 12 என்றால் வலது கீழிமை, 14 இடது மேலிமை, 15 இடது கீழிமை. 2015இல் நடைமுறைக்கு வந்த முதல் நாளிலிருந்தே அது அப்படித்தான். புற்றுக்கு 2018 வரை கிடைக்காத நுட்பம் சாதாரணக் கட்டிக்கு முன்பே கிடைத்திருந்தது. அதன் அருமை அதை வகுத்தவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். கணினிப் பதிவு உள்ள ஒரு கண் மருத்துவமனை இந்த ஒரே கூடுதல் இலக்கத்தைப் பிழையில்லாமல் போட்டுவந்தால், நாற்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு எச்00.11 இரண்டாம் முறை விழும் நொடியில் திரையில் ஒரு வரி வரலாம்: அதே இமை, இரண்டாம் முறை, திசுவை அனுப்பவும். உயிர் காக்கும் முடிவு சி44இல் எடுக்கப்படுவதில்லை. அங்கே வருவதற்குள் நோய் பெயர் வாங்கிவிட்டது. முடிவெடுக்கும் இடம் எச்00.

இதற்குப் புது ஆள் தேட வேண்டாம். இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் திருச்சியில் ஷிப்ட் போட்டு வேலை செய்கிறார்கள். வெளிநாட்டுச் சார்ட்டில் 'எந்த இமை' என்று எழுதாத மருத்துவருக்குத் திருப்பிக் கேள்வி அனுப்பும் பழக்கம் அவர்கள் தொழிலிலேயே இருக்கிறது. உள்ளூர் மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் அப்படிக் கேட்கும் உரிமை பெற்ற ஒருவர் இருந்தால், பாதிக் குறிப்புகள் ஒரு மாதத்தில் சீராகும் என்று நம்புகிறேன். அரசு மருத்துவமனையில் அந்தப் பதவியை உருவாக்குவது அரசின் கையில் இருக்கிறது. தனியாரில் அது ஒருவருடைய சம்பளம்.

நம்பிக்கையோடு சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது. 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை, உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. கலேசியானைச் சுரண்டிக்கொண்டு அன்றே வீடு திரும்புபவர் உள்நோயாளி அல்லர். அந்த விதி அவரைத் தொடவே இல்லை. உள்நோயாளியாகவே இருந்தாலும் மூன்று ஆண்டு என்பது இந்த நோய்க்குக் குறைவு. செபேஷியஸ் அதற்குப் பிறகும் திரும்பி வரக்கூடியது. எந்த இமை என்று எவ்வளவு ஒழுங்காக எழுதினாலும், எழுதிய தாள் சட்டப்படி எரிக்கப்படலாம் என்றால் 'இரண்டாம் முறை' என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் இருக்காது. இமைக் கட்டிகளுக்கு மட்டுமாவது, வெளிநோயாளிச் சீட்டும் பயாப்ஸி அறிக்கையும் பத்தாண்டு இருக்க வேண்டும் என்று மாநில சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை விடலாம். அது வரும்வரை, சீட்டின் ஒரு பிரதி நோயாளியின் கையில், கண்ணின் பெயரும் இமையின் பெயரும் தமிழில் முழுதாக எழுதப்பட்டு இருக்கட்டும்.